ஓட்டத்தில் அணையும் இன்ஜின்: பெங்களூருவில் ஒரு சர்வீஸ் சென்டரும் ஒரு பட்டறையும்

பெங்களூரு வெளிவட்டச் சாலையை ஒட்டியுள்ள, கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரையும், வில்சன் கார்டனில் சந்துக்குள் இருக்கும் ஒரு சிறிய பட்டறையையும் பற்றிய மதிப்புரை இது. இரண்டு இடங்களுக்கும் ஒரே காரை ஒரே கோளாறுக்காகக் கொண்டுபோனேன். வாரண்டி முடியாத பெட்ரோல் கார்; ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஆள்பலமும் கருவிகளும் மிகுந்த இடம் அந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவில்லை. ஓர் அழுத்தமானியும் பொறுமையும் வைத்திருந்த இடம் ஒரே பிற்பகலில் கண்டுபிடித்தது. ஒரு கிளையின் வேலைமுறையை மட்டுமே மதிப்பிடுகிறேன் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

கோளாறு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். காலையில் வண்டி குறையின்றி ஓடும். பிற்பகல் வெயிலில், ஏசி போட்டு, சில்க் போர்டு நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்த பிறகு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இழுவை இருக்காது, ஜெர்க் அடிக்கும். ஹெப்பால் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருந்த நாட்களில், அதன்பின் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாமல் இன்ஜின் அணைந்துவிடும். செல்ஃப் நன்றாக எடுக்கும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. சற்று நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். வீட்டு வாசலில் நடந்தால் இது வெறும் தொல்லை. எலக்ட்ரானிக் சிட்டி உயர்மட்டச் சாலையில், ஒதுங்க இடம் குறைவாகவும் பின்னால் வண்டிகள் வேகமாகவும் வரும்போது நடந்தால் அது உயிருக்கு ஆபத்து. இன்ஜின் அணைந்தபின் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிகளுக்கு மேல் நிற்காது. பல கார்களில் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அப்போது பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு, வண்டி உருளும் வேகத்திலேயே இடப்பக்கம் ஒதுங்குவதுதான் பாதுகாப்பு.

இத்தனையையும் சர்வீஸ் சென்டரில் விளக்கமாகச் சொன்னேன். மெக்கானிக்குக்கான வேலைத் தாளான ஜாப் கார்டில் சர்வீஸ் அட்வைசர் எழுதியது ‘ஸ்டார்ட்டிங் பிரச்சினை’ என்ற இரண்டே சொற்கள். வெயில், ஏசி, குறைந்த பெட்ரோல், ஓட்டத்தில் அணைவது ஆகிய நான்கும் அந்தத் தாளில் ஏறவில்லை; தாளில் ஏறாத எதையும் உள்ளே இருக்கும் மெக்கானிக் அறியப்போவதில்லை. என் மதிப்பீட்டில் அந்த இடத்தின் முதல் குறை இதுதான், மற்ற குறைகள் எல்லாம் இதிலிருந்தே கிளைத்தவை. இரவு முழுதும் ஆறிக் கிடந்த காரை மறுநாள் காலை எடுத்து, வளாகத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, பிழைக் குறியீடு எதுவும் இல்லை, எனவே பழுதும் இல்லை என்றார்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து அதற்குக் கட்டணமும் வாங்கினார்கள். காத்திருப்போர் அறை குளிர்ச்சியாக இருந்தது, காபி நன்றாக இருந்தது, காரைப் பளபளவென்று கழுவித் தந்தார்கள், பேச்சிலும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கார் அந்த வாரமே மீண்டும் சாலையில் நின்றது.

ஸ்கேனரில் குறியீடு இல்லாததை அவர்கள் சான்றாக எடுத்துக்கொண்டது ஏன் தவறு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய பெட்ரோல் கார்களில் ஃபியூயல் பம்பு டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருக்கிறது. அதன் மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோலே. பெட்ரோல் குறைந்து, வெயிலும் சேர்ந்தால் மோட்டார் சூடாகும். தேய்ந்த மோட்டாரோ பெட்ரோலைத் தள்ளும், உப்பிப்போன இம்பெல்லர் சக்கரமோ அந்தச் சூட்டில் இறுகித் தடுமாறும், ஆறியதும் மீண்டும் சுற்றும். பெட்ரோலை இன்ஜினின் காற்றுப் பாதையில் தெளிக்கும் சாதாரண போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்பு தர வேண்டிய அழுத்தம் மூன்று முதல் நான்கு பார் (அழுத்தத்தின் அலகு) வரை. அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சார் அவற்றுள் பலவற்றில் கிடையாது. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் உயர் அழுத்த நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சென்சார் இருப்பதால் அழுத்தக் குறைவைக் காட்டும் பி 0087 போன்ற குறியீடு பதிவாக வாய்ப்புண்டு. சென்சாரே இல்லாத வண்டியின் கணினிக்கு அழுத்தம் விழுந்தது எப்படித் தெரியும்? ஸ்கேனர் சொல்லாததை மெக்கானிக்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை போனபோது, எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், பெட்ரோல் பங்கை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் என்பதும், நீர் மிகுந்தால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும் என்பதும் உண்மை. ஆனால் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானதே இந்த பெங்களூருவில்தான். என் காரின் பெட்ரோல் மூடியில் அந்த எரிபொருளுக்கு ஏற்றது என்று ஒட்டியிருப்பது அந்த நிறுவனமே. பெட்ரோலின் மீது உண்மையிலேயே ஐயம் இருந்திருந்தால், டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மாதிரி எடுத்துச் சற்று நேரம் வைத்துப் பார்த்திருக்கலாம். அதைச் செய்யாமல் பழியை மட்டும் பங்கின் மேல் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

வில்சன் கார்டன் பட்டறையை அல்சூரில் இருக்கும் உறவினர் ஒருவர் சொன்னார். அதன் உரிமையாளர் கிருஷ்ணகிரிக்காரர், ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் இளவயதில் வேலை பார்த்தவர். உட்கார ஒரு நாற்காலி கூட இல்லை, சொன்ன நாளில் காரை எடுக்கவில்லை, போனை எடுப்பதே அரிது. இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காரைப் பார்ப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு நம்பிக்கை தந்தன: சூடானபின் நிற்கிறதா, டேங்க் எவ்வளவு இருக்கும்போது, திடீரென்று அணைகிறதா அல்லது இழுவை குறைந்து அணைகிறதா, நின்றபின் சாவியைத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி ‘ம்ம்’ என்ற சத்தம் கேட்கிறதா. கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அந்தச் சத்தம் பம்பு சுற்றுவதன் அடையாளம். நின்ற வண்டியில் அது கேட்கவில்லை என்றால் ஐயம் பம்பின் மீதும் அதற்கு மின்சாரம் தரும் ரிலே, ஃபியூஸ், வயரிங் ஆகியவற்றின் மீதும் திரும்பும். இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சார் உண்டு; சூட்டில் பழுதானால் அதுவும் வண்டியை இதேபோல் நிறுத்தும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

அவர் செய்தது எளிய வேலை. பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை இணைத்து, நீண்ட ஹோஸ் வழியாக அதை முன்கண்ணாடிக்கு வெளியே ஓட்டுநர் பார்க்கும் இடத்தில் கட்டினார். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஏசியைப் போட்டு, பிற்பகல் நெரிசலில் கார் அணையும்வரை என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மூன்றரை பாரில் நின்ற முள் மெல்ல இறங்கி ஒன்றரைக்குக் கீழே போனது. அதன்பிறகுதான் இன்ஜின் அணைந்தது. கிராங்க் சென்சார் போயிருந்தால் அணையும் தருணம்வரை முள் அசையாமல் நின்றிருக்கும். அடுத்து அவர் பின்சீட்டைத் தூக்கி, பம்பின் மின் இணைப்பான கப்ளரில் மீட்டரை வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார்; மின்னழுத்தம் முழுமையாக வந்தது. ரிலேயும் வயரிங்கும் சரி, பம்புதான் பழுது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

பம்பை அவரே மாற்றித் தருவாரா என்று கேட்டேன். “வாரண்டி இருக்கற வண்டி சார். டேங்க்கை நான் திறந்தேன்னு வைங்க, நாளைக்கு அவங்க கை விரிச்சிடுவாங்க. எழுதித் தரேன், அங்கேயே மாத்திக்குங்க” என்றார். அழுத்த அளவுகள், மின்னழுத்தம், வண்டி நின்ற சூழல் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பரிசோதனைக்கு அவர் வாங்கிய தொகை, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததற்கு சர்வீஸ் சென்டர் வாங்கியதில் பாதிகூட இல்லை. தனக்கு வரக்கூடிய பெரிய வேலையைத் தானே திருப்பி அனுப்பிய அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்தத் தாளுடன் போனபோது சர்வீஸ் சென்டரின் பேச்சே மாறியது. இம்முறை ஜாப் கார்டில் ‘ஓட்டத்தில் இன்ஜின் அணைகிறது, சூடானபின் எரிபொருள் அழுத்தம் விழுகிறது’ என்று என் முன்னாலேயே எழுதவைத்தேன். மேலாளர் வந்து படித்தார், தங்கள் அழுத்தமானியாலும் சரிபார்த்தார்கள், வாரண்டியிலேயே பம்பு முழுவதையும் மாற்றினார்கள். பாகம் வரத் தாமதமானது. மாற்று வண்டி கேட்டும் தரவில்லை. மாற்றிய வேலையில் குறை சொல்ல முடியாது: சீல் புதிதாகப் போட்டிருந்தார்கள், பெட்ரோல் வாடை இல்லை, பில்லில் பாகத்தின் எண்ணும் இருந்தது. அதன்பின் கடும் வெயிலிலும் கார் அணையவில்லை.

புதிய கார்களில் பம்பு இப்படிப் பழுதாவது அரிய செய்தி அன்று. 2020இல் மட்டும் இந்தியாவில் ஹோண்டா 65,651 கார்களையும், மாருதி சுசுகி வேகன் ஆர், பலேனோ வகைகளில் 1,34,885 கார்களையும் ஃபியூயல் பம்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தன. 2024 மார்ச்சில் மாருதி மேலும் 16,041 கார்களை அழைத்தது. என் கார் இந்தப் பட்டியல்களில் எதிலும் இல்லை. உங்கள் காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் திரும்ப அழைப்பு உண்டா என்று தெரிந்துவிடும். உண்டென்றால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாக மாற்றித் தருவார்கள். பட்டியலில் இல்லாத கார் என்றால், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் பாதுகாப்புக் குறைகளை ஒன்றிய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் பதியலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, போதிய புகார்கள் சேர்ந்தால் திரும்ப அழைக்குமாறு நிறுவனத்துக்கு அரசே ஆணையிட முடியும். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. என் புகாரைப் பதிந்துவிட்டேன்.

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு என் பரிந்துரை, வாரண்டி இருக்கும்வரை பரிசோதனைக்கு அழுத்தமானி வைத்திருக்கும் நல்ல பட்டறைக்கும், பாகம் மாற்ற சர்வீஸ் சென்டருக்கும் போவதே. பட்டறைக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். சர்வீஸ் சென்டருக்கு இரண்டு, அதுவும் பம்பைச் சரியாகப் பொருத்திய மெக்கானிக்குக்காக. தேவையே இல்லாத த்ராட்டில் பாடி வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில், இரண்டு ஜாப் கார்டுகளையும் பட்டறைத் தாளையும் வைத்துப் புகார் தர இருக்கிறேன்.