பபிள் கவுண்டரா, டிராப் செக்கரா? கார்பன் டை ஆக்சைடு கோளாறில் எதை நம்புவது

செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு வாயு செலுத்தும் மீன் தொட்டியில் இலைகள் சோர்ந்து பாசி ஏறத் தொடங்கினால், நான் முதலில் பார்ப்பது, போகும் வாயுவைக் குமிழிகளாகக் காட்டும் பபிள் கவுண்டரைத்தான். வாயு வருகிறதா இல்லையா என்று அது உடனே காட்டிவிடும். குமிழியே இல்லையென்றால் சிலிண்டர் காலியா, வாயுவைத் திறந்து மூடும் சோலனாய்டு மின் வால்வு திறக்கிறதா என்று பாருங்கள். கவுண்டரில் குமிழி ஓடியும், வாயுவைத் தண்ணீரில் நுண்குமிழிகளாக விடும் டிஃப்யூசரில் ஒன்றும் வரவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் இடையில் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை பொங்கும் இடம்தான் ஓட்டை. நுண்குமிழிக்குப் பதிலாக ஓரத்தில் மட்டும் பெரிய குமிழி கிளம்பினால், டிஃப்யூசரின் செராமிக் தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆனால் தண்ணீரில் எவ்வளவு கரைந்தது என்று கவுண்டருக்குத் தெரியாது. குமிழியின் அளவே கருவிக்குக் கருவி மாறும். அடுத்தவர் தொட்டியின் கணக்கு நமக்கு உதவாது. கரைந்த அளவை அறிய, தொட்டிக்குள் மாட்டும், நிறம் மாறும் கரைசல் கொண்ட டிராப் செக்கர்தான் வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு), மஞ்சள் என்றால் அதிகம். உள்ளே 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசலையே ஊற்றுங்கள்; தொட்டித் தண்ணீரை ஊற்றினால் நிறம் தப்பாகக் காட்டும். டிஃப்யூசருக்கு நேர் மேலே மாட்டினாலும் அதே கதைதான்.

நிறம் மாற ஓரிரண்டு மணி நேரமாகும், அதுதான் இதன் பெரிய குறை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால் நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே வாயுவை மூடி, ஏர் பம்பைப் போடுங்கள்.