பயனர் திருத்தும் கான்ஃபிக் கோப்பு: ஒருமுறை வைப்பதா, துண்டாகப் பிரிப்பதா?

சர்வரில் ஒருவர் கையால் திருத்திய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை, பல சர்வர்களின் அமைப்பை ஒரே மாதிரி வைத்திருக்கும் கருவியான அன்சிபிள் அடுத்த ஓட்டத்தில் பழையபடி மாற்றிவிடும். அதன் வேலையே அதுதான், குறை சொல்ல முடியாது. பயனரின் திருத்தம் பிழைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, கோப்பு இல்லாதபோது மட்டும் வைப்பது. அன்சிபிளின் காப்பி, டெம்ப்ளேட் மாட்யூல்களில் ஃபோர்ஸ் என்பதை நோ ஆக்கினால் போதும். அதே மாதிரிக் கருவியான பப்பெட்டில் ரீப்ளேஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். ஒரே வரி வேலை. ஆனால் ஆறு மாதம் கழித்து எல்லா சர்வரிலும் ஒரு மதிப்பை மாற்ற வேண்டும் என்றால் கருவி கையை விரித்துவிடும்.

இரண்டாவது, துண்டாக்குவது. நம்முடையது ஒரு கோப்பு, பயனருடையது இன்னொன்று. முதன்மைக் கோப்பு இரண்டையும் இன்க்ளூட் செய்யும், அதாவது உள்ளே சேர்த்துப் படிக்க வைக்கும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் இந்த வசதி 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. இங்கேதான் வரிசையைக் கவனிக்க வேண்டும். அந்த சர்வரின் நிரலான எஸ்எஸ்ஹெச்டி பெரும்பாலும் முதலில் படித்த மதிப்பையே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியிலோ, ஒற்றை மதிப்புள்ள அமைப்புகளில் கடைசியில் வருவதே ஜெயிக்கும். துண்டுக் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும். ஆக, 10 என்று பெயர் தொடங்கும் கோப்பு எஸ்எஸ்ஹெச்டியில் ராஜா, சிஸ்டம்டியில் கூஜா.

பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பயனரின் பாஷ் (கட்டளை வரி) அமைப்புக் கோப்பு மாதிரியானவற்றுக்கு முதல் வழியே சரி. அது அவர் சொத்து.