பார்க்க வந்தவரும் வாங்க வந்தவரும்: நாலு வருஷ சர்ச் கன்சோல் அனுபவம்

ஈரோடு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி கூடும், செவ்வாய் சாயங்காலம் கலையும். அப்பாவோடு அங்கே கடை போட்டு வளர்ந்தவன் நான். வந்தவர் வாயைத் திறந்ததும் எதற்கு வந்திருக்கிறார் என்பது அப்பாவுக்குப் பிடிபட்டுவிடும். "இது என்னங்க துணி?" என்றால் பார்க்க வந்தவர். "சாயம் போகுங்களா?" என்றால் பாதி மனசு வந்துவிட்டது. "இதுல நாப்பது பீசு கிடைக்குங்களா?" என்றால் அப்பா பேச்சை நிறுத்திவிட்டுக் கட்டை அவிழ்ப்பார்.

பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் பெட்ஷீட்டும் விற்க ஆன்லைன் கடை திறந்தபோது இந்தச் சந்தைக் கணக்கு அங்கேயும் செல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூகுள் தேடலில் நம் பக்கத்தை மேலே கொண்டுவருகிற எஸ்.இ.ஓ. வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தேன். ஜமக்காளத்தின் வரலாற்றைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். "ஜமக்காளம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கூகுளின் முதல் பக்கத்தில் அது வந்தது. மாதாமாதம் வரைபடம் ஏறிக்கொண்டே போனது, ஆர்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து நானே உட்கார்ந்தேன். நாலு வருஷம் ஆகிறது.

காசு கேட்காத கருவி இது. எந்தச் சொல்லைத் தட்டியவருக்கு நம் பக்கம் தெரிந்தது, எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாச் சொல்லையும் ஒரே பட்டியலாகப் பார்த்தால் தலை சுற்றும். பல சொற்களை ஒரே சமயத்தில் கொடுத்துச் சலித்தெடுக்க உதவும் ரீஜெக்ஸ் வடிகட்டி 2021இல் வந்தது, அதுதான் எனக்குக் கை கொடுத்தது. "என்ன, எப்படி, வரலாறு" வருகிற தேடலை ஒரு பக்கம், "விலை, சைஸ், மொத்தம், வாங்க" வருகிறதை இன்னொரு பக்கம் பிரித்துவிடலாம். தெரிந்துகொள்ளத் தேடுவது, குறிப்பிட்ட தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது என்று தேடல் ஆய்வாளர் ஆந்த்ரே பிராடர் 2002இலேயே மூன்றாக வகுத்திருக்கிறார். கடைக்காரனுக்கு அது போதாது என்பது என் அனுபவம். வாங்குவதற்கு ஒரு படி முன்னால் நிற்கிறவர்களை அதில் தனியாகப் பார்க்க முடியாது, வியாபாரமோ அவர்களிடம்தான் இருக்கிறது.

"ஜமக்காளம் சாயம் போகுமா", "ஒரிஜினல் பவானி ஜமக்காளம் கண்டுபிடிப்பது எப்படி" என்று தேடுகிறவரைத் தகவல் தேடுகிறவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாந்துவிடக் கூடாதே என்று யோசிக்கிறவர் அவர். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு அதே பெயரில் விற்கிறது, சந்தேகம் வருவது நியாயம்தான். அதனால் அந்தப் பதில்களைத் தனிக் கட்டுரையில் விடாமல் பொருள் இருக்கிற பக்கத்துக்கே கொண்டுவந்தேன். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறியின் படம், ஓரத்தை நெருக்கத்தில் எடுத்த படம், முதல் இரண்டு அலசலில் எவ்வளவு சாயம் விடும் என்ற உண்மை எல்லாம் விலைக்குப் பக்கத்திலேயே வந்தன. "சாயம் போகுமா" என்று தேடி வந்தவர்கள் அதே பக்கத்தில் ஆர்டர் போடத் தொடங்கினார்கள். நாலு வருஷத்தில் நான் செய்ததிலேயே பலன் கொடுத்த வேலை இதுதான்.

துவைப்பது எப்படி என்ற கட்டுரை மட்டும் தனியாகவே இருக்கிறது. அதைத் தேடுகிறவர் வீட்டில் ஏற்கெனவே ஜமக்காளம் இருக்கிறது.

"கல்யாண மண்டபம் ஜமக்காளம் மொத்தம்" என்று தேடுகிறவர்கள் மிகக் குறைவு. தேடல் எண்ணிக்கை காட்டும் கருவியில் போட்டால் ஒன்றுமே காட்டாது. அந்தச் சில பேருக்காகவே ஒரு பக்கம் போட்டேன். எத்தனை பீசுக்கு மேல் என்ன விலை, நெய்து முடிக்க எத்தனை நாள், போன் நம்பர், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கைத்தறிச் சரக்கைக் கேட்ட அன்றைக்கே நூறு எடுத்துக் கொடுக்க முடியாது. முன்கூட்டியே நாளைச் சொல்லிவிட்டால் மண்டபத்துக்காரர் கோபித்துக்கொள்வதில்லை.

பெட்ஷீட்டில் வேறு மாதிரி அடிபட்டேன். "காட்டன் பெட்ஷீட் டபுள்" என்ற தேடலுக்கு ஒற்றைப் பொருளின் பக்கத்தை மேலே கொண்டுவர ஒரு வருஷம் மல்லுக்கட்டினேன். கடைசியில் அந்தத் தேடலை நானே போட்டுப் பார்த்தேன். வந்ததெல்லாம் பல பெட்ஷீட்டுகளை வரிசையாகக் காட்டுகிற பக்கங்கள். நாலை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவரிடம் நான் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சைஸும் விலையும் தெரிகிற தொகுப்புப் பக்கம் போட்ட பிறகுதான் நகர்ந்தது. இப்போதெல்லாம் எந்தப் பக்கம் எழுதுவதற்கு முன்னாலும் தேடல் முடிவைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

எழுத்துக் கூட்டல் இன்னொரு சங்கதி. நம்மவர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ஒரு கே போடுகிறவர், இரண்டு கே போடுகிறவர், ஜமுக்காளம் என்று நடுவில் யு போடுகிறவர் என எல்லாரையும் கன்சோலில் பார்க்கலாம். பெரும்பாலானதைக் கூகுளே புரிந்துகொள்கிறது. அதிகம் வருகிற இரண்டு வடிவங்களை மட்டும் பக்கத்தில் இயல்பாகச் சேர்த்துக்கொண்டேன்.

தொழில்நுட்பத்தில் கட்டாயம் என்று நான் சொல்வது இரண்டு. பொருள் பக்கத்தில் விலையும் இருப்பும் ஸ்கீமாவாக, அதாவது கூகுள் படித்துப் புரிந்துகொள்கிற குறிப்பாக, இருக்க வேண்டும், அப்போதுதான் தேடல் முடிவிலேயே விலை தெரிய வாய்ப்பு உண்டு. தீர்ந்துபோன டிசைனின் பக்கத்தை உடனே அழிக்கக் கூடாது. மறுபடி தறியில் ஏறும் டிசைன் என்றால் "இருப்பு இல்லை" என்று மாற்றி வைத்தால் போதும். அவசரப்பட்டு அழித்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கங்களை இழந்திருக்கிறேன்.

கன்சோலின் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். 16 மாதத் தரவுதான் இருக்கும். இந்தத் தையையும் போன தையையும் ஒப்பிடலாம், அதற்கு முந்தையது போய்விடும். அதனால் மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்கிறேன். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும். வாங்கினவர் எந்தச் சொல்லால் வந்தார் என்றும் சொல்லாது. அதை வாட்ஸாப்பில் நானே கேட்டுவிடுகிறேன்: "என்னன்னு போட்டுத் தேடுனீங்க?" கேட்டால் யாரும் சொல்லாமல் விட்டதில்லை.

போன வாரம் கோபியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "ஏன் கண்ணு, எங்கூட்டு ஹாலு பதினாறுக்குப் பன்னெண்டு. எத்தனை அடி ஜமக்காளம் எடுத்தா சரியா இருக்கும்?" சொல்லிவிட்டுக் கன்சோலில் "அடி", "அளவு" என்று வடிகட்டினேன். அதே கேள்வி பல வடிவத்தில் இருந்தது, எங்கள் பக்கம் எல்லாவற்றிலும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் உள்ளே வரவில்லை. நேற்று எங்கள் வீட்டு ஹாலில் ஆறுக்கு ஒன்பது ஜமக்காளத்தை விரித்து எத்தனை பேர் உட்கார முடிகிறது என்று படம் எடுத்திருக்கிறேன். நாளைக்கு மண்டபத்துக்குப் போய்ப் பெரியதை விரித்து எடுக்க வேண்டும்.