“பாக்ஸர் எஞ்சின்னா அப்படித்தான் சார்”: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனத்துக்கு

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓ.எம்.ஆர். பக்கம் சொகுசு கார்களை மட்டும் விற்கும் ஒரு ஷோரூமில் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை எடுத்தேன். மறுநாள் காலை செல்ஃப் அடித்ததும் பின்னால் நீலப் புகை மண்டி, அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் முழுக்கக் கருகிய ஆயில் வாடை. வாட்ச்மேன் ஓடி வந்து “தீ பிடிச்சிருச்சா சார்?” என்றார். சற்று நேரத்தில் புகை நின்றது. அப்புறம் நாள் முழுக்க ஓட்டினாலும் புகையே கிடையாது. ஏமாற்று வேலை ஒளிந்திருப்பது இங்கேதான்.

வாங்கும் முன் ஷோரூமுக்கு எப்போது போனாலும் எஞ்சின் சூடாகவே இருந்தது. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். “வண்டியை வெளிய எடுக்கணும்னா ஸ்டார்ட் பண்ணித்தானே ஆகணும் சார்” என்று பதில். வேறு கார் என்றால் பானெட்டில் கை வைத்தாலே சூடு தெரிந்துவிடும். பாக்ஸ்டரில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், முன்னால் திறந்தால் டிக்கிதான். சைலன்சர் குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

பிறகு ஷோரூமிலிருந்து ஒரு வீடியோ வந்தது: ‘அதிகாலை கோல்ட் ஸ்டார்ட், நோ ஸ்மோக், நோ ஆயில் கன்சம்ப்ஷன்’. வண்டி மெக்கானிக்கிடம் போன பின் அவர் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரையில் விரலை வைத்தார். “டெம்பரேச்சர் முள் எங்க நிக்குது பாருங்க சார்.” 80-இல் நின்றது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் கிடக்க வேண்டும். ஆர்.பி.எம்.மும் அப்படித்தான், ஆறின எஞ்சினில் முதலில் ஏறி மெல்ல இறங்கும், வீடியோவில் எடுத்த எடுப்பிலேயே அடங்கிவிடுகிறது.

ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, “பாக்ஸர் எஞ்சின்னா அப்படித்தான் சார், நெட்ல போட்டுப் பாருங்க.” பாதி உண்மை என்பதால்தான் இந்தப் பதில் ஆபத்தானது. பாக்ஸ்டரில் இருக்கும் இந்த பாக்ஸர் எஞ்சினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். வண்டி நிற்கும்போது கொஞ்சம் ஆயில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சிலிண்டருக்குள் கசியும். நாள்கணக்கில் ஓட்டாமல் விட்டு எடுத்தால் எப்போதாவது ஒரு குப்பென்ற புகை வருவது இயல்பே. இதுவோ தினமும் காலையில் கக்கியது, டாஷ்போர்டில் ஆயில் அளவு கோடு கோடாக இறங்கியது. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றினால் ஒரு பக்கத்தில் ஆயில் நனைந்த கரி. அந்த ஓட்டை வழியாக மெக்கானிக் மெல்லிய கேமராவை விட்டார். சிலிண்டர் சுவரில் நீளவாக்கில் கீறல்கள். எஞ்சினை இறக்கியே ஆக வேண்டுமாம். வடித்த ஆயில் வெல்லப்பாகு போல விழுந்தது. புகையை மறைக்க ஏதோ கெட்டி மருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றார்.

‘மார்கழிப் பனி’ என்றும் சமாளித்துப் பார்த்தார்கள். நீராவி என்றால் வெள்ளையாக வந்து உடனே கலைந்துவிடும், ஆயில் வாடை அடிக்காது. வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது என்று சந்தேகப்படுங்கள்; அது வேறு செலவு. பொல்யூஷன் சர்டிஃபிகேட்டையும் நீட்டினார்கள். பெட்ரோல் வண்டிக்கு அதில் முக்கியமாகப் பார்ப்பது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான், அதுவும் சூடான எஞ்சினில். புகையின் அடர்த்தியை அளப்பது டீசல் வண்டிக்கு.

இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாவது அதை ஒரு ராத்திரி உங்கள் மெக்கானிக்கின் ஷெட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் அவரே சாவி போடட்டும். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. தரும் அங்கீகாரச் சான்று கட்டாயம். அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பில்லின் பின்புறம் ‘உள்ளது உள்ளபடி’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, இப்போது அதைத்தான் காட்டுகிறார்கள். ‘நோ ஆயில் கன்சம்ப்ஷன்’ என்று அவர்களே அனுப்பிய வாட்ஸாப் என்னிடம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தாயிற்று, வக்கீல் நோட்டீஸும் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். வடித்த ஆயிலில் ஒரு பாட்டிலை மெக்கானிக் எடுத்து வைத்திருக்கிறார்.