பழைய வானப் படங்களில் சிறுகோள் தேடுவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் தொலைநோக்கி இல்லை. இருந்தாலும் பெரிய பயன் இருக்காது; எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெருவிளக்கு வெளிச்சத்தை மீறித் தெரிவது விரல் விட்டு எண்ணக்கூடிய விண்மீன்கள்தான். ஆனாலும் சில வருடங்களாகச் சிறுகோள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஹவாயில், மௌயி தீவின் ஹலேயாகலா மலை உச்சியில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்து வைத்த படங்களை வீட்டு லேப்டாப்பில் திறந்து பார்ப்பதுதான் வேலை. நாமும் ஆரம்பிக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்காக எது பிடித்தது, எது எரிச்சல், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

படங்கள் வருவது ஐ.ஏ.எஸ்.சி. என்ற சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பின் வழியாக. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்ரிக் மில்லர் 2006-இல் தொடங்கியது. குழுவாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும், அதற்குள் படத்தொகுப்புகள் வந்துகொண்டிருக்கும். கட்டணம் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

ஒரு தொகுப்பு என்றால் வானத்தின் ஒரே துண்டை, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள், இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்கள். விண்மீன்கள் நான்கிலும் அதே இடத்தில் இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் சிறுகோள் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். எவ்வளவு என்றால், அதே வேகத்தில் போனால் முழுநிலவின் அகலத்தைக் கடக்கவே சுமார் இரண்டரை நாள் ஆகும். அந்த நகர்வைப் பிடிப்பதுதான் முழு விளையாட்டும்.

மென்பொருள் ஆஸ்ட்ரோமெட்ரிகா. ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் ராப் எழுதியது. விண்டோஸில் மட்டும்தான் ஓடும், 100 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தோற்றம் பழைய விண்டோஸ் காலத்திலேயே நின்றுவிட்டது, பட்டன்களும் பொடிசு. ஆனால் அரதப் பழைய லேப்டாப்பிலும் சிணுங்காமல் ஓடுகிறது. எனக்கு அது போதும். தொலைநோக்கிக்கான அமைப்புக் கோப்பை முதலில் சரியாக ஏற்றிவிட வேண்டும். அது தப்பாக இருந்தால் படத்திலுள்ள விண்மீன்களைப் பட்டியலோடு பொருத்த முடியாமல் மென்பொருள் கையை விரித்துவிடும். புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் விலகுகிறார்கள்.

பொருத்தம் முடிந்ததும் நான்கு படங்களையும் மாறி மாறி ஓடவிடுவேன். நெகட்டிவ் மாதிரி வெள்ளைப் பின்னணியில் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். ஏற்கெனவே தெரிந்த சிறுகோள்களின் பெயர்களைப் படத்தின் மேல் காட்டும் வசதி உண்டு. அதை நான் கடைசியில்தான் போடுவேன். முதலிலேயே போட்டால் கண் அந்தப் பெயர்களையே சுற்றிச் சுற்றி வரும், பக்கத்தில் மங்கலாக ஊர்ந்து போவதைத் தவறவிடும். தானாகவே நகரும் பொருளைக் கண்டுபிடிக்கும் வசதியும் இருக்கிறது. பிரகாசமானதை அது விடாது. மங்கலானதில் கண்ணே மேல்.

ஒரு புள்ளி நேர்கோட்டில், ஒரே சீரான இடைவெளியில் நான்கு எட்டு வைத்தால் அதன் மேல் கிளிக் செய்வேன். சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் புள்ளியின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கான மணி வடிவக் கோடு, பின்னணி இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்ற எண், அப்புறம் பிரகாச அளவு. நிஜமான பொருளாக இருந்தால் அளவீடுகள் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், நான்கு படங்களிலும் பிரகாசம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் கேமராவில் பட்ட இடம் என்றால் கோடு ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பான்-ஸ்டார்ஸின் கேமரா 140 கோடி பிக்சல் கொண்டது. ஆனால் ஒரே தகடு அல்ல, 60 சிப்களை அடுக்கிச் செய்தது. சிப்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளின் ஓரத்தில் போலிப் புள்ளிகள் ஏராளம். அங்கே தெரியும் எதையும் நான் இப்போது சட்டை செய்வதில்லை.

நான் பார்ப்பவை பெரும்பாலும் 20-லிருந்து 22 வரையிலான பிரகாச அளவுகள். எண் கூடக்கூட மங்கல். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீன் ஏறக்குறைய 6. 21 என்றால் அதைவிடப் பத்து லட்சம் மடங்கு மங்கல். ஐந்து அளவுக்கு 100 மடங்கு என்ற இந்தக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவரேதான் பிறகு சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து 1861-இல் 67 ஏசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். கேமரா கிடையாது, கண்ணும் விண்மீன் வரைபடமும்தான். அதன் பிறகு 1988-இல் காவலூரில் ஆர். ராஜமோகன் 4130 ராமானுஜனைக் கண்டுபிடித்தார். இரண்டும் தமிழ்நாட்டு வானத்தில் நடந்தவை என்பது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் தரும் செய்தி.

சரி, புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டோம். அடுத்து? அளவீடுகளை அறிக்கையாக அனுப்பினால் ஐ.ஏ.எஸ்.சி. சரிபார்த்து, மாசசூசெட்ஸில் உள்ள சிறுகோள் மையத்துக்கு அனுப்பிவைக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு மணி நேர நகர்வை வைத்துச் சுற்றுப்பாதை போட முடியாது. அதே பொருளை இன்னொரு இரவில் யாராவது பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது இரவு கிடைத்தால்தான் தற்காலிகப் பெயர் வரும். கிடைக்காவிட்டால் தனித்து நிற்கும் அவதானிப்புகளின் பெரிய கோப்பு ஒன்றில் உங்கள் நான்கு புள்ளிகளும் போய் உட்காரும். அங்கிருந்து ஒரு நாள் வேறு யாருடைய அவதானிப்போடாவது இணையலாம், இணையாமலும் போகலாம். நிரந்தர எண் கிடைக்கப் பல வருடங்கள், பல முறை மீண்டும் காணப்பட்ட சரித்திரம் எல்லாம் வேண்டும். என் பெயரில் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தக் கோப்பில்தான் தூங்குகிறது.

அக்கா மகன் கேட்டான்: "மாமா, கண்டுபிடிச்சா உங்க பேரையே வைப்பாங்களா?" தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரபில்லை. எண் கிடைத்த பிறகுதான் பெயர் முன்மொழியவே முடியும், அதுவும் 16 எழுத்துக்குள். அரசியல்வாதி என்றால் இறந்து 100 வருடம் ஆகியிருக்க வேண்டும். அவனுக்கு ஆர்வம் அத்தோடு போய்விட்டது.

கட்டணக் கதைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் சேர வந்த ஒரு மாணவியின் பெற்றோர், வேறொரு பயிற்சி நிறுவனத்துக்கு இதே தேடலுக்காக நல்ல தொகை கட்டியிருந்தார்கள். கையில் கிடைத்தது 'சிறுகோள் கண்டுபிடிப்பாளர்' என்று தங்க எழுத்தில் அச்சிட்ட ஒரு தாள். அந்தப் பெண் செய்த வேலை உண்மையானது, நன்றாகவும் செய்திருந்தாள். ஆனால் அது முதற்கட்டக் கண்டறிதல். கண்டுபிடிப்பு ஆக இன்னும் தூரம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சிக்குப் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம், படங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது இரவுப் பிரச்சினைதான் என்னை வேறு பக்கம் இழுத்துப் போனது. கனடா வானியல் தரவு மையம் ஒரு தேடுபொறி வைத்திருக்கிறது. சிறுகோளின் பெயரைக் கொடுத்தால், உலகின் பல பெரிய தொலைநோக்கிகள் வருடக்கணக்கில் எடுத்துக் காப்பகத்தில் போட்டிருக்கும் படங்களில் எதிலெல்லாம் அது விழுந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பட்டியல் தரும். யாரோ விண்மீன் மண்டலம் ஒன்றை ஆராய எடுத்த படத்தின் மூலையில் நம் ஆள் நின்றிருப்பார். சுற்றுப்பாதை துல்லியமாக இல்லாவிட்டால் சொன்ன இடத்தில் இருக்க மாட்டார். அவர் போகக்கூடிய கோட்டில் முன்னும் பின்னும் துழாவ வேண்டும். கோப்புகள் கனமானவை. சிலியில் உள்ள டார்க் எனர்ஜி கேமராவின் ஒரு படமே சில நூறு எம்.பி. வரும். மொபைல் டேட்டாவை நம்பி இதில் இறங்காதீர்கள்.

இப்படிப் பழைய படத்தில் கண்டெடுப்பதால் கண்டுபிடித்த பெருமை நமக்கு வராது. அது முதலில் அறிக்கை செய்தவர்களுக்கே. ஆனால் பயன் அதிகம். 2004 டிசம்பரில் அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029-இல் பூமியில் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் வரை ஏறியது. அந்தக் கவலையை முடித்து வைத்தது புதிய அவதானிப்பு அல்ல. அதே வருடம் மார்ச்சில் ஸ்பேஸ்வாட்ச் என்ற சிறுகோள் தேடல் திட்டம் எடுத்து வைத்திருந்த படங்களில் அது மங்கலாகக் கிடைத்ததுதான். சில மாதம் முந்தைய படம் கணக்கையே மாற்றிவிட்டது.

இவ்வளவு ஏற்பாடு வேண்டாம் என்பவர்கள் உலாவியிலேயே செய்யும் திட்டங்களில் ஆரம்பிக்கலாம். ஹப்பிள் படங்களில் சிறுகோள் தடம் தேடும் திட்டம் 2019-இல் தொடங்கி, 11,482 தன்னார்வலர்களின் உதவியோடு 1,701 தடங்களைக் கண்டது. அதில் 1,031 எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. ஹப்பிளே பூமியைச் சுற்றுவதால் தடங்கள் வளைந்து தெரியும். பார்க்க அழகு. ஆனால் அளவீடு கற்றுக்கொள்ள ஆஸ்ட்ரோமெட்ரிகாதான்.

ரூபின் வந்துவிட்டதே, இனி நமக்கென்ன வேலை என்பது இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. சிலியின் ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் வெளியிட்ட முதல் படங்களில், ஏறக்குறைய பத்து மணி நேர அவதானிப்பில் 2,104 புதிய சிறுகோள்கள். உண்மைதான், புதிதாகப் பார்ப்பதில் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் அது கண்டுபிடிக்கும் ஒவ்வொன்றும் பத்து வருடத்துக்கு முந்தைய ஏதாவது படத்தின் மூலையில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கனடாத் தேடுபொறியில் போட்டுப் பார்க்கத்தான் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். பான்-ஸ்டார்ஸ் சுற்றுகளையும் விடுவதாக இல்லை. அடுத்த சுற்றுக்குக் குழுவில் இரண்டு இடம் காலி.