‘அதுவே’ என்பதும் ‘அது போன்றது’ என்பதும்: பைத்தானின் இரு ஒப்பீடுகள்

“நேற்றும் அதே சட்டையைத்தான் அணிந்திருந்தார்” என்னும்போது ஒரே சட்டையைச் சொல்கிறோம். “நானும் அதே சட்டையை வாங்கினேன்” என்னும்போது அதைப் போன்ற வேறொரு சட்டையைச் சொல்கிறோம். ‘அதே’ என்ற ஒரு சொல் இரண்டையும் தாங்கிக்கொள்ள, கேட்பவர் இடமறிந்து பிரித்துக்கொள்கிறார். நிரலுக்கு அந்த இடமறிவு கிடையாது. ஆகவே பைத்தான் என்ற நிரல்மொழியில் இரு தனிக் குறிகள் உள்ளன: இரு பெயர்களும் நினைவகத்திலுள்ள ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்று (அதாவது அடையாளத்தை) கேட்பது ‘இஸ்’ (is); இரண்டின் மதிப்பும் சமமா என்று கேட்பது ‘==’.

1, 2, 3 என்ற எண்கள் கொண்ட பட்டியலுக்கு ‘அ’ என்றும், அவ்வெண்களையே கொண்டு புதிதாக உருவாக்கிய இன்னொரு பட்டியலுக்கு ‘ஆ’ என்றும் பெயரிடுவோம் (பைத்தான் 3 தமிழ் எழுத்துகளையும் பெயராக ஏற்கும்). இவ்விரண்டையும் ‘==’ சமம் என்னும்; ‘இஸ்’ மறுக்கும். அடுத்து ‘இ = அ’ என்று எழுதினால் புதிய பட்டியல் எதுவும் பிறப்பதில்லை, பழைய பட்டியலுக்கே இன்னொரு பெயர் கிடைக்கிறது; எனவே ‘இ’ வழியாக 4 என்ற எண்ணைச் சேர்த்தால் ‘அ’விலும் அது தோன்றும், ‘ஆ’வில் தோன்றாது. மாறக்கூடிய பொருள்களில் அடையாளம் இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

மாறாத பொருள்களான எண்களிலும் சரங்களிலும் (எழுத்துத் தொடர்களிலும்) நிலைமை வேறு. அங்கே ‘இஸ்’ பயன்படுத்துவது பிழை என்றே நான் கருதுகிறேன். அதுவும் தன்னை மறைத்துக்கொள்ளும் பிழை. பைத்தான் நிரல்களை இயக்கும் மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் சிபைத்தான், பல ஆண்டுகளாக -5 முதல் 256 வரையிலான முழு எண்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் அவற்றையே தருகிறது. சோதனையில் 7, 100 போன்ற சிறிய எண்களைக் கொடுத்துப் பார்ப்பவருக்கு ‘இஸ்’ சரியான விடையையே தரும். கணக்கிட்டுப் பெற்ற இரு 5000-களை ஒப்பிடும் நாளில் அது கைவிடும். இந்த எல்லை மொழியின் விதியன்று, ஒரு செயலாக்கத்தின் சிக்கன ஏற்பாடு மட்டுமே. நேரடியாக எழுதப்பட்ட எண்ணோடோ சரத்தோடோ ‘இஸ்’ வரும் இடங்களில் 2019-இல் வெளிவந்த பைத்தான் 3.8 முதல் எச்சரிக்கை தரப்படுகிறது. ஆனால் இருபுறமும் மாறிகளாக இருந்தால் அந்த எச்சரிக்கையும் வராது.

‘இஸ்’ உறுதியாக வெல்லும் இடம், மதிப்பு ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ (None) என்ற பொருளைச் சோதிப்பது. நிரல் முழுமைக்கும் அது ஒன்றே ஒன்றுதான். மேலும், ‘==’ எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை, பொருள்களுக்கு வார்ப்பாக அமையும் ஒவ்வொரு வகுப்பும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்; ‘இஸ்’ஸை எவராலும் மாற்ற முடியாது. எண் கணக்கீட்டு நிரல்தொகுப்பான நம்பையின் (NumPy) அணியொன்றை, அதாவது எண் வரிசையொன்றை, ‘==’ கொண்டு ‘நன்’னுடன் ஒப்பிட்டால், ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றை விடைக்குப் பதிலாக ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு விடை என ஓர் அணியே திரும்பி வரும்.

மிதவை எண்களில் (புள்ளி வைத்த எண்களில்) ‘எண் அல்லாதது’ (NaN) என்பதைக் குறிக்கும் மதிப்பு தனக்குத் தானே சமமன்று; ‘==’ இல்லை என்னும்போது ‘இஸ்’ ஆம் என்னும். ஆயினும் அம்மதிப்பை ஒரு பட்டியலில் இட்டு, அது உள்ளே இருக்கிறதா என்று தேடினால் இருக்கிறது என்ற விடையே வரும், ஏனெனில் பட்டியல் முதலில் அடையாளத்தைப் பார்த்துவிட்டுத்தான் மதிப்புக்குச் செல்கிறது.

ஜாவா என்ற நிரல்மொழியிலிருந்து வருபவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: அங்கே பொருள்களின் அடையாளத்தை ஒப்பிடுவது ‘==’, மதிப்பை ஒப்பிடுவது ‘ஈக்வல்ஸ்’.

நாமே எழுதும் வகுப்பில் சமத்துவத்தை வரையறுக்காவிட்டால், பைத்தானின் ‘==’ அடையாளத்தையே பார்க்கும். வரையறுத்தால், சமமான இரு பொருள்களுக்கு, விரைவாகத் தேட உதவும் ஹாஷ் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்டால் பைத்தான் 3 அந்த வகுப்பின் ஹாஷை நீக்கிவிடுவதால், அதன் பொருள்களை அகராதியின் திறவுகோலாகவோ கணத்தின் உறுப்பாகவோ வைக்க இயலாது.