டென்மார்க்கா, பின்லாந்தா: யார் அதிக நார்டிக்?

நார்வே, சுவீடன், டென்மார்க் மூன்றும் ஸ்காண்டிநேவியா; பின்லாந்தையும் ஐஸ்லாந்தையும் சேர்த்தால் நார்டிக். இப்படித்தான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். ஸ்காண்டிநேவியத் தீபகற்பத்தில் டென்மார்க்குக்கு ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. ஜெர்மனியின் தலைக்கு மேல் நீளும் ஜட்லாந்தும், பக்கத்தில் சிதறிக் கிடக்கும் தீவுகளும்தான் அந்த நாடு. பின்லாந்தின் வடமுனையோ தரைவழியாகவே நார்வேயையும் சுவீடனையும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

நிலத்தை வைத்துப் பார்த்தால் பின்லாந்துக்கே என் ஓட்டு. டென்மார்க்கின் மிக உயர்ந்த இடமே சுமார் 171 மீட்டர்தான். நாட்டில் பாதிக்கு மேல் உழுத வயல். பின்லாந்தில் முக்கால்வாசி காடு. சிறு குட்டைகளையும் கணக்கில் சேர்த்தால் ஏரிகள் 1,88,000 இருக்கும். அடியில் இருப்பதும் சுவீடனில் இருக்கும் அதே பழம்பாறை.

இந்த வித்தியாசம் பழக்கத்திலும் தெரிகிறது. அடுத்தவர் காட்டில் நடக்கலாம், காட்டுப் பெர்ரி பறிக்கலாம், ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றிலும் இது எல்லாருக்கும் உள்ள உரிமை. டென்மார்க்கில் கட்டுப்பாடு அதிகம். வயலும் பண்ணையுமாக இருக்கும் ஊரில் வேறெப்படி இருக்கும்?

சரி, மொழிக்கு வருவோம். இங்கே டென்மார்க்குக்கு எளிதான வெற்றி. டேனிஷ், நார்வேஜியன், சுவீடிஷ் மூன்றும் உடன்பிறப்புகள். ஒன்றைப் படித்தவர் மற்றதை ஓரளவு வாசித்துவிடுவார். காதால் கேட்பது வேறு கதை. டேனிஷில் ஐம்பதை 'ஹால்வ்ட்ரெஸ்' என்பார்கள். இரண்டரை இருபது என்ற பழைய கணக்கு அது. சுவீடன்காரர்களே இதில் தடுமாறுவார்கள். ஃபின்னிஷ் முற்றிலும் வேறு குடும்பம், எஸ்தோனிய மொழிக்கு உறவு. 'தலோ' என்றால் வீடு, 'தலொஸ்ஸா' என்றால் வீட்டில். வேற்றுமை உருபை ஒட்டிப் பேசும் நமக்கு இது விநோதமாகப் படாது, உறவு எதுவும் இல்லாவிட்டாலும்.

ஆனால் மொழியை மட்டும் அளவுகோலாக வைத்தால் சாமி மக்களும் வெளியே போய்விடுவார்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் வடக்கிலும் நெடுங்காலமாக வாழும் பழங்குடிகள் அவர்கள். அவர்களுடைய மொழிகள் ஃபின்னிஷுக்குத்தான் உறவு. அவர்களை விட்டுவிட்டு வடக்கைப் பற்றிப் பேசும் அளவுகோல் எனக்குச் சரிப்படவில்லை.

வரலாற்றில் இரண்டுக்கும் இடம் உண்டு. 1809 வரை பின்லாந்து சுவீடனின் பகுதி. சட்டமும் லூதரன் திருச்சபையும் அந்த வழியில் வந்தவை. சுவீடிஷ் இன்றும் அங்கே ஆட்சிமொழி, தாய்மொழியாகப் பேசுவோர் 5 சதவீதம் அளவுக்கு இருந்தாலும். 1952இல் நார்டிக் நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கூடிப் பேசும் நார்டிக் கவுன்சில் தொடங்கியபோது டென்மார்க் முதல் வரிசையில் இருந்தது. பக்கத்து வீட்டு சோவியத்தின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த பின்லாந்து 1955இல்தான் சேர்ந்தது.

கொடியில் ஒரு வேடிக்கை. நார்டிக் நாடுகளின் சிலுவைக் கொடிக்கு முன்னோடி டென்மார்க். 1917 கடைசியில் விடுதலை பெற்ற பின்லாந்து, அடுத்த வருடமே வெள்ளையில் நீலச் சிலுவையை ஏற்றுக்கொண்டது. டென்மார்க் முடியரசுக்குள்ளேயே இருக்கும் கிரீன்லாந்து 1985இல் தனக்கென்று கொடி தேர்ந்தெடுத்தபோது சிலுவையே வேண்டாமென்று வட்டத்தை எடுத்துக்கொண்டது.